மூடுபனியில் ஒரு குறுக்கு விசாரணை

வக்கீல் தொழில் முழுக்கத் தொண்டையில்தான் இருக்கிறது என்று நம்பியவன் நான். கொல்லங்கோட்டில் எங்கள் தோப்புக்குள் நின்று தென்னை மரங்களைக் குறுக்கு விசாரணை செய்து பழகினேன். "ஏனுங்க, தம்பிக்கு ஒடம்புக்கு ஏதாச்சுங்களா?" என்று தேங்காய் போட வந்தவர் அப்பாவிடம் விசாரித்துவிட்டுப் போனார். ஒரு மரமும் உண்மையை ஒப்புக்கொள்ளவில்லை.

இன்று காலை ஆன்லைன் விசாரணை. எதிர்த்தரப்பு வக்கீல் தன் வீட்டுச் சுவரை மறைக்கத் திரையில் பின்னணியை மங்கலாக்கியிருந்தார். அவர் காதோரம், பனிக்குள் நிற்பவருடையதுபோல, வெள்ளையாகக் கரைந்து கரைந்து தெரிந்தது. பார்த்ததும் ஈரக் கறுப்புக் கோட்டின் வாடை எனக்கு மூக்கில் ஏறிவிட்டது. மலைமேல் கோர்ட்டில் கோட்டு என்றைக்குக் காய்ந்தது?

பல வருடங்களுக்கு முன் அங்கேதான் என் முதல் கேஸ். சின்னக்கானல் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் தொழிலாளி மாடசாமி, அங்கிருந்த ஏலக்காய் ஸ்டோரிலிருந்து மூட்டையைத் தூக்கிப் போனதாக வழக்கு. வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். அந்திப் பனியில் பார்த்ததாக வாட்சர் வேலு சாட்சி. வேறு சாட்சி கிடையாது. மாடசாமியின் மனைவி செல்லத்தாயி காலையிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"வக்கீலய்யா, தண்டனைன்னு ஆயிட்டா வேலை போயிரும். எஸ்டேட்டுல குடுத்த லயத்து வீட்டயும் புடுங்கிருவாங்க. புள்ளைகளோட எங்கன போவேன்?"

நம் நாட்டில் ஜூரி இல்லை என்பவர்கள் அந்தக் கோர்ட்டு வாசல் டீக்கடையைப் பார்த்ததில்லை. பெஞ்சில் இருந்த லயத்துப் பெண்கள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "இந்தப் புள்ளையா வாதாடப் போவுது? நெசமாவா?" என்று தீர்ப்பையே சொல்லிவிட்டார்கள்.

வருவதாகச் சொன்ன சீனியர் வரவில்லை. கரண்டும் இல்லை. திறந்த கதவு வழியே பனி, வாய்தாவுக்கு வந்த கட்சிக்காரர் மாதிரி உள்ளே வந்து உட்கார்ந்தது.

"எம்புட்டுப் பனியா இருந்தாலும் மாடசாமிய தூரத்துலயே கண்டுபிடிச்சிருவேன்யா" என்றார் சாட்சிக் கூண்டில் நின்ற வேலு.

மாஜிஸ்ட்ரேட் என் பக்கம் திரும்பினார். "வக்கீலே, கேள்வி உண்டோ?"

எழுந்தேன். மனப்பாடம் செய்த கேள்விகளில் ஒன்றுகூட நினைவில் இல்லை. தப்பிக்க வழி தேடி வாசலைப் பார்த்தேன். பனிக்குள் ஓர் உருவம். சீனியரோ? நான் உளறுவதைப் பார்த்தால் தோலை உரித்துவிடுவாரே!

"வாசல்ல... யாரு அது?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

கேள்வி தனக்குத்தான் என்று வேலு நினைத்தார். "மாடசாமிதான்யா. அந்தா நிக்கான்லா!"

"வேலண்ணே, நான் இங்கன இருக்கேன்" என்று எதிர்மூலைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து மாடசாமி குரல் கொடுத்தார். பனிக்குள் தெரிந்த உருவம், கதவைச் சாத்த வந்த பியூன், வாசலிலேயே மலையாளத்தில் பதறிப்போனார். "ஐயோ, ஞான் ஒண்ணும் எடுத்திட்டில்ல!"

மாஜிஸ்ட்ரேட் சிரிப்பை அடக்கிக்கொண்டு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். இதற்காகவே காத்திருந்தவன்போல நான் கோட்டைச் சரிசெய்து, "வேறு கேள்வி இல்லை" என்று உட்கார்ந்தேன். இத்தனை வருடத்தில் அதைவிடக் கூர்மையான கேள்வியை நான் கேட்டதில்லை. பெருமைப்படாமல் வேறென்ன செய்வது? டீக்கடை ஜூரியும் அன்றே தீர்ப்பை மாற்றியது: "சின்ன வக்கீலு பலே ஆளுடி. அந்தப் பியூன எப்ப ஏற்பாடு பண்ணுனாரோ!"

இப்போது அந்தக் கோர்ட்டுக்குக் கண்ணாடிச் சன்னல். பனி வெளியிலேயே நின்றுவிடுகிறது. ஸ்டோர்களில் கேமரா வந்துவிட்டது. அந்தியில் டார்ச்சும் கம்பளியுமாகச் சுற்றிவந்த வாட்சர்கள் போய்விட்டார்கள்.

மாடசாமிக்கு விடுதலை கிடைத்தது. வேலைக்குத் திரும்பக் கூப்பிட்ட அன்று, அதே லயத்து வீட்டிலிருந்து கவாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு தேயிலைச் செடிகளைக் கிளை வெட்டிவிடப் போனார்.