கப்பல் வரும்வரை ஆச்சியை வைத்திருந்தோம்

ஆச்சி கண்மூடிய காலையில் வீட்டில் இருந்தவர்கள் அம்மா, தங்கை, நான், கோயில் உபதேசியார், மாசி என்று நாங்கள் கூப்பிடும் அடுத்த வீட்டுப் பெங்காலி அம்மாள். இல்லாதவர்கள் இரண்டு பேர். பங்குச் சாமியார் பூசை வைக்க வேறு தீவுக்குப் போயிருந்தார். ஆச்சியின் ஒரே மகனான என் அப்பா, பத்திர வேலையாக ஊருக்குப் போனவர், மெட்ராஸ் கப்பலில் திரும்பி வந்துகொண்டிருந்தார். நடுக்கடலில் இருக்கிறவருக்கு எதுவும் தெரியாது.

தீவில் நாங்கள் குடியிருந்த ஜங்லிகாட்டில் ஒரு சாவு என்றால் முதலில் ஆச்சிக்குத்தான் ஆள் வரும். தமிழர், தெலுங்கர், மலையாளி என்று அவள் பார்த்ததில்லை. குளிப்பாட்டி, தாடையைச் சேர்த்துக் கட்டி, கைகால் விறைக்கும் முன் நேராக்கி, துணி உடுத்திவிட்டுத்தான் வீடு திரும்புவாள். கூலி வாங்க மாட்டாள். குளிப்பாட்டப் புதுச் சோப்பு ஒன்று மட்டும் கேட்பாள். மற்ற நாட்களில் கருவாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு சிப்பிகாட் பக்கம் போய், பாதியைக் காசுக்கும் பாதியைக் காய்கறிக்கும் விற்றுவிட்டு வருவாள். தாத்தா கடலோடு போன பிறகு அப்பாவை வளர்த்தது அந்தக் கூடைதான். எவ்வளவு களைத்து வந்தாலும் செவ்வாய்க்கிழமை அந்தோணியார் செபமாலை தவறாது. பாதியில் தூங்கிவிழுவாள். எழுப்பினால், "தூங்கல, மனசுக்குள்ள சொன்னேன்" என்பாள்.

சாவு வீட்டில் மட்டும் அவள் பேச்சு கறாராக இருக்கும். பொழுது சாயும் முன் எடுத்துவிட வேண்டும். தீவுக்கு வந்த புதிதில், அண்ணன் கப்பலில் வருகிறான் என்று ஒரு வீட்டார் ஒரு பெண்ணின் உடலை வைத்திருந்தார்கள். புயலில் கப்பல் தாமதமாகிவிட்டது. கடைசியில் அந்த உடலைக் கழுவியது ஆச்சி. அதிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும், "கப்பல நம்பி வைக்காதீக" என்பாள். யார் அழுதாலும் கேட்க மாட்டாள்.

மாசியின் கணவர் இறந்தபோதும் அதையேதான் சொன்னாள். அன்று சாயங்காலமே சிதை மூட்டினார்கள். மறுநாள் கல்கத்தா கப்பலில் வந்து இறங்கிய மகன் பார்த்தது சாம்பலைத்தான். அதன்பிறகு வெகுநாள் மாசி எங்களிடம் மீன் வாங்கவில்லை. பிறகு எப்போதோ ஒரு நாள் வாங்கினாள். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

நான் துறைமுக ஆபீசில் விசாரித்துவிட்டு வந்தேன். எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் ஆபீஸ் விஷயம் எல்லாம் என் தலையில். கப்பல் மறுநாள் மதியம் என்றார்கள்.

"நாலு மணிக்கு எடுத்திரலாம்மா," என்றார் உபதேசியார். "சாமியார் வந்த பெறவு பூசை வச்சிக்கிடலாம்."

"அவுக வந்து முகம் பாக்கணும்," என்றாள் அம்மா.

"ஆச்சி சம்மதிப்பாளா? இந்த ஜங்லிகாட்ல ஒரு வீட்டையாவது வைக்க விட்டிருக்காளா? நாளைக்கு நாலு பேரு என்ன கேப்பான்?"

யாரும் மாசியின் பக்கம் திரும்பவில்லை. அவள் ஆச்சியின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். துண்டைப் பிழிந்துகொண்டே, "ருக்கோ, பௌமா. பேட்டே கோ ஆனே தோ," என்றாள். மகன் வரட்டும், பொறு மருமகளே என்று. உபதேசியார் வாயெடுப்பதற்குள், "தீதீ சப் கோ போல்தீ தீ. அப் தீதீ சுப் ஹை," என்றும் சொன்னாள். அக்கா எல்லோருக்கும் சொல்வாள், இப்போது அக்கா சும்மா இருக்கிறாள்.

அன்று சாம்பலை மட்டும் பார்த்த அவள் மகன் இப்போது சாத்தம் மரமில்லில் வேலை பார்த்தான். சொன்னதும் போய் இரண்டு சாக்கு மரத்தூள் கொண்டுவந்தான். நான் மீன் இறங்கும் துறையிலிருந்து ஐஸ் கட்டிகளை வண்டியில் ஏற்றி வந்தேன். அப்பாவோடு கடலுக்குப் போகிற மாமா ஒருவர் அடுக்கினார். தரையில் மரத்தூள், அதன்மேல் ஐஸ், மறுபடி தூள், சாக்கு, பலகை. பலகையில் ஆச்சி.

"ஐஸ் நேரா உடம்புல படக்கூடாது. நெய்மீனுக்கே அப்படித்தான் வைப்போம்."

"ஆச்சிய நெய்மீன்ங்கிறான் பாரு," என்றார் உபதேசியார்.

"மலிவு மீனு, சாளைன்னு சொன்னாத்தான் ஆச்சி கோவிப்பா," என்றார் மாமா.

அன்று அம்மா சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் மழை. மதியம் கப்பல் வரவில்லை. மறுபடி ஐஸ் வாங்கினோம். மாசி ஊதுவத்தி கொளுத்தி வைத்துவிட்டு அடிக்கடி ஆச்சியின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள். உபதேசியார் அம்மாவிடம் தணிந்த குரலில், "அஞ்சு மணி வரைக்கும்தான்மா. அதுக்கு மேல என்னால முடியாது," என்றார். அம்மா சரி என்று தலையாட்டினாள். ஆச்சி ஊருக்கெல்லாம் சொன்னது பலித்துவிடுமோ என்ற பயம் அவள் முகத்தில் தெரிந்தது.

சாத்தம் கப்பல் ஜெட்டியில் நானும் மாசி மகனும் நின்றோம். கப்பல் வந்து கரையில் கட்டியபோது மணி நாலைத் தாண்டிவிட்டது. அப்பா இறங்கி வந்தவர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரு, அம்மையா?"

"ஆமாப்பா. நேத்துக் காலையில."

"பொதைச்சாச்சா?"

"இல்லப்பா. வச்சிருக்கோம்."

பெட்டியை மாசி மகன் வாங்கிக்கொண்டான். அப்பா எங்களுக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தார்.

வீட்டுக்குள் போனதும் முழங்காலிட்டு ஆச்சியின் பாதங்களைப் பிடித்துக்கொண்டார். பிறகு முகத்தருகே நகர்ந்து உட்கார்ந்தார். உபதேசியார் செபத்தைத் தொடங்காமல் புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு காத்திருந்தார். மாசி தன் மகனைக் கூட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். அப்பா அழவில்லை. பலகைக்கு அடியில் நனைந்து கறுத்திருந்த மரத்தூளை ஒரு கை அள்ளிப் பார்த்தார். மீன்காரர் அவர். தெரிந்த ஒன்றைத்தான் கேட்க முடிந்தது போலும்.

"ஐஸுக்கு எவ்வளவு ஆச்சு?"

அம்மா என்னைப் பார்த்தாள்.

"அம்பத்திரண்டு ரூவாப்பா," என்றேன்.