வேப் நின்ற பிறகு

என் வீட்டுக்காரர் போர்ட் பிளேரின் ஷாதிபூரில் படகு எஞ்சின் பழுதுபார்ப்பவர். கல்யாணத்துக்கு முன்பிருந்தே சிகரெட். எத்தனையோ முறை விட்டார். ஒரு முறையும் வாரம் தாண்டவில்லை. கப்பலில் வேலை பார்க்கும் என் தம்பி ஒரு லீவில் வந்தபோது பேனா மாதிரி இருந்த வேப், அதாவது மின்சிகரெட், ஒன்றைக் கொடுத்தான். விளையாட்டாக இழுக்கத் தொடங்கியவர், மழைக்காலம் முடிவதற்குள் சிகரெட்டை விட்டுவிட்டார். டாக்டரிடம் சொன்னபோது, இதுவும் மருந்தல்ல, மெல்ல நிறுத்துங்கள் என்றார். ஆனாலும் இருமல் குறைந்திருந்தது. சட்டையில் நாற்றமில்லை. மகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

பிறகு நாடு முழுக்க அதற்குத் தடை வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பழகிவிடக் கூடாது என்றார்கள். மகளை நினைத்தபோது எனக்கு அது சரியாகவே பட்டது. அவரிடமும் சொன்னேன்.

"செரிதான். நான் பிள்ள இல்லையே," என்றார்.

மெயின்லேண்டிலிருந்து தபாலில் வந்துகொண்டிருந்த, வேப்பில் ஊற்றும் திரவம் நின்றது. கையில் இருந்ததைச் சிக்கனமாக இழுத்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா தூத்துக்குடியில் இறந்து, காரியம் முடித்து நாங்கள் திரும்பும்போது, சென்னை விமான நிலையச் சோதனையில் அந்த வேப்பை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். சட்டம் அப்படி என்றார். இவர் வாதாடவில்லை. போர்ட் பிளேரில் இறங்கி வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, பெட்டிக்கடையில் சிகரெட் வாங்கினார். நான் கையைப் பிடித்தேன்.

"அத பந்த் பண்ணிட்டானுவ. இது எல்லா துகான்லயும் கெடைக்கு. என்னய என்ன செய்யச் சொல்லுத?"

கையை விட்டுவிட்டேன்.

நிகோடின் சூயிங்கம் மென்று பார்த்தார். வாய் புண்ணானதுதான் மிச்சம். வேப் ரகசியமாகக் கிடைக்கிறது என்று சிலர் சொன்னார்கள். போலீசுக்குப் பயந்து வேண்டாம் என்றார். போன வருடம் ஒரு டிங்கிப் படகின் எஞ்சினைக் கிளப்பக் கயிற்றை இழுத்தவர், பாதியில் விட்டுவிட்டு மூச்சுக்குத் திணறித் தரையில் உட்கார்ந்துவிட்டார். நுரையீரல் கெட்டுப்போனது இனி சரியாகாது என்றார் டாக்டர். பட்டறையை ஒரு தெலுங்குக்காரருக்குக் கொடுத்துவிட்டோம். தடை வராமல் இருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்குமோ என்னவோ, யாருக்குத் தெரியும்.

இப்போது கடைவரை நடக்க அவருக்கு மூச்சு போதவில்லை. சிகரெட் இல்லாவிட்டால் தூக்கம் இல்லை, சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறார். நான்தான் போய் வாங்கி வருகிறேன். அதற்காக மகள் என்னுடன் பேசுவதில்லை.