கறுப்பு வெள்ளைப் படமும் கன்ட்ரிப் பாட்டும்

என்ரை மனுசன் உயிரோடைதான் இருக்கிறார். அதை முதல்லையே சொல்லிப்போடுறன்.

லொறி ஓடுற அவர், அமெரிக்கக் கன்ட்ரி இசை மாதிரி கிற்றாரோடை தமிழிலை பாடின பாட்டு இண்டைக்குக் காலமை வெளிவந்தது. தொப்பியோடை ஒரு கறுப்பு வெள்ளைப் படம், கீழை பேரும் திகதியும். சொந்தக்காரற்றை வாட்ஸ்அப் குழுவிலை நான்தான் போட்டனான்.

எங்கடை ஆக்களுக்கு அப்பிடி ஒரு படம் வந்தா ஒரே அர்த்தம்தான். லிங்கை ஒருத்தரும் அமத்தேல்லை. "ஆழ்ந்த அனுதாபங்கள்" எண்டு வரிசையா வந்துது.

இங்கை ஜேர்மனியிலை, டோர்ட்மண்ட் தமிழ்க்கடையிலை கடைக்கார அக்கா என்ரை கையைப் பிடிச்சா.

"நல்ல மனுசன். எப்ப செத்தவீடு?"

"அவர் வெளியிலை காருக்குள்ளை இருக்கிறார் அக்கா."

காருக்கு வந்து ஃபோனைப் பாத்தா, கனடாவிலை இருக்கிற அவற்றை தம்பியின்ரை குரல் செய்தி. காணிப் பிரச்சினைக்குப் பிறகு அவன் எங்களோடை கதைக்கிறதே இல்லை. இவர் அந்தப் பாட்டை எழுதினதே அவனை நினைச்சுத்தான்.

"அண்ணி, அண்ணையோடை ஒருக்கால் கதைச்சிருக்கலாம்" எண்டு அழுறான்.

"உடனை கோல் எடுங்கோவன்" எண்டன் இவரிட்டை.

"பொறு. நான் இருக்கிறன் எண்டு தெரிஞ்சா பிறகு கதைக்கமாட்டான். அவன்ரை குரலை இன்னொருக்காப் போடு."

வீடு வரைக்கும் காரிலை அதுதான் ஓடினது.

தம்பி என்னை இந்த ஃபேஸ்புக்கிலை புளொக் பண்ணி வைச்சிருக்கிறான், அதாலைதான் துணிஞ்சு எழுதுறன். நாளைக்கு நானே அவனுக்கு உண்மையைச் சொல்லுவன். இண்டைக்கு மட்டும் ஒருத்தரும் சொல்லிப்போடாதேங்கோ.

அதோடை, பாட்டை ஆராவது கேட்டனீங்களோ?