மிராசுதாரின் மோட்டார் படகு ஏன் குதித்தது

கார்த்திகையில் நிரம்பிச் சித்திரையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் உத்திரமேரூர் ஏரியில் ஒரு மனிதர் மோட்டார் படகு விட ஆசைப்பட்டார் என்றால், அவருக்கு எத்தனை காணி நிலம் இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மிராசுதார் முத்துவேலுக்கு நூற்றிருபது காணி. பட்டணத்தில் மூட்டை கட்டிக்கொண்டு சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரனிடமிருந்து 1962இல் அந்தப் படகை வாங்கி, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். பதினாலு அடி நீளம். முன்னால் காரில் இருப்பது போல ஸ்டீயரிங், பின்பலகையில் தொங்கும் மோட்டார். எல்லாம் சரி, ஓட்டத் தெரிந்தவன் யார்?

தானியேலைக் கூப்பிட்டார்கள். வேறு போக்கு?

காலனியில் பிறந்த தானியேல் எட்டு வருஷம் சென்னைத் துறைமுகத்தில் லாஞ்சு என்கிற மோட்டார் படகுகளின் பட்டறையில் வேலை பார்த்தவன். அப்பன் படுத்த படுக்கையானதும் ஒரு பெட்டி ஸ்பேனரோடு ஊர் திரும்பினான். சுற்று வட்டாரத்துக் கிணறுகளில் எந்த ஆயில் இஞ்சின் மக்கர் பண்ணினாலும் அவன்தான் வர வேண்டும். ஸ்குரூ டிரைவரின் ஒரு முனையை இஞ்சினிலும் மறுமுனையைத் தன் காதிலும் வைத்துக் கேட்பான், வியாதியைச் சொல்லிவிடுவான். இஞ்சினை அவன் தொடலாம். அந்த இஞ்சின் இறைத்த தண்ணீரைக் குடிக்கிற சொம்பை மட்டும் தொடக்கூடாது. எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது என்று கேட்காதீர்கள், ஊருக்கே மனப்பாடம்.

அவனுக்கு ஒரே ஒரு ஆசை. வாலாஜாபாத் ரைஸ் மில் ஒன்றில் இஞ்சின் டிரைவர் வேலை காலியாக இருந்தது. மாதச் சம்பளம், நிரந்தரம். ஆனால் பெரிய மனிதர் யாராவது நற்சாட்சிக் கடிதம் கொடுக்க வேண்டும். முத்துவேலிடம் போய் நின்றான்.

"தை அஞ்சாந்தேதி எம் பொண்ணு கனகாவப் பாக்க பட்டணத்துலேர்ந்து சம்பந்தி வராங்க. அதுக்குள்ள இந்தப் படகு குதிக்காம ஓடணும். ஓடட்டும், கடுதாசி தரேன்" என்றார் அவர்.

படகு குதித்தது உண்மை. பாதி வேகம் வரைக்கும் சமர்த்தாகப் போகும். அதைத் தாண்டினால் மூக்கைத் தூக்கும், தண்ணீரில் தொப்பென்று அறையும், மறுபடி தூக்கும், மறுபடி அறையும். தவளை தோற்றது போங்கள்! முதல் நாள் மிராசுதாரின் அங்கவஸ்திரம் ஏரிக்குப் போயிற்று, இரண்டாம் நாள் வெள்ளி வெற்றிலைப் பெட்டி. மூன்றாம் நாள் மிராசுதாரே போயிருப்பார், பக்கப் பலகையைக் கட்டிப்பிடித்துத் தப்பினார்.

காரணம் சொல்ல ஊரில் ஆளுக்கா பஞ்சம்? எலுமிச்சம்பழம் கட்டவில்லை என்றார் ஒருவர். ஐயங்கார்குளம் வரை போய் ஒருவர் மந்திரித்த கயிறு வாங்கி வந்தார், அதையும் கட்டினார்கள், கயிறும் சேர்ந்து குதித்தது. மிராசுதாரின் மைத்துனர் தாமோதரன், அவர் தன் வாழ்நாளில் ஓட்டியது அக்காள் வீட்டுச் சாப்பாட்டை மட்டும்தான், தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"மாமா, கோளாறு படகுல இல்ல. ஓட்றவன் கையில கீது."

தானியேல் வேலையைப் பார்த்தான். மோட்டாரின் விசிறி வளைந்திருக்கிறதா என்று இலை இலையாகத் தடவினான். படகைக் கவிழ்த்து, அடிப்பலகையில் நூல் பிடித்துப் பார்த்தான், மேடு பள்ளம் ஏதுமில்லை. மோட்டாரின் சாய்வை மாற்ற ஐந்து துளைகள் இருந்தன, மோட்டாரைத் தாங்கும் ஊசியை ஒவ்வொன்றிலும் செருகி, மிராசுதாரை ஏற்றி ஓட்டினான். கொஞ்சம் குறைந்தது, ஒழியவில்லை. மோட்டாரை ஓர் அங்குலம் உயர்த்தினான், இறக்கினான். ஊஹூம்.

பிறகுதான் ஒன்று உறைத்தது. தான் தனியாக ஓட்டும்போது படகு குதிப்பதே இல்லை!

மிராசுதார் ஏறி உட்கார்ந்ததும் தண்ணீர் எதுவரை ஏறுகிறது என்று படகின் வெளிப்புறத்தில் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டான். அவர் இறங்கிப் போனபின், பின்சீட்டில் நெல் மூட்டை ஏற்றினான். ஒன்று வைத்தான், கோடு நனையவில்லை. ஒன்றரை மூட்டையில் தண்ணீர் கோட்டைத் தொட்டது. ஓட்டினான், குதித்தது. அதே மூட்டைகளைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துப் போட்டு ஓட்டினான். கோடு கிழித்தது போல ஓடியது.

மூட்டைகளை நகர்த்தியபோது தரைப்பலகையில் நாலு வட்டம் தெரிந்தது. பெயிண்டுக்கு அடியில் மக்கு வைத்து அடைத்த ஆணித் துளைகள். நேரே தச்சர் வேதகிரியிடம் போனான்.

"ஆமாம்ப்பா, நான்தான் மாத்துனேன். சீட்டு உன் முதுவுக்குப் பின்னாலயே இருந்துது. ஆண்டை, கடாசில கொண்டும்போய்ப் போடுன்னாரு. ஏன்னு உனுக்கு நான் வேற சொல்லணுமா?" என்றார் வேதகிரி.

சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைக்காரன் அடி அங்குலம் பார்த்துச் செய்த படகில், நம்மூர்க் கணக்கு நாலு முழம் நுழைந்திருந்தது. ஓட்டுகிறவன் மூச்சு படாத தூரம். மனிதர் பின்னால் போனார், கனம் பின்னால் போயிற்று, மூக்கு மேலே போயிற்று. இதற்குப் போய் எலுமிச்சம்பழம்!

இதை எப்படிச் சொல்வது? இரண்டு நாள் தானியேல் தள்ளிப்போட்டான். அவன் மனைவி பாக்கியமேரி எரிச்சலோடு கேட்டாள். "கோளாறு இன்னான்னு கேட்டாரு, கண்டுபுட்ச்சிட்ட. சொல்றதுக்கு இன்னா?"

ஏரிக்கரையில் மிராசுதார் தனியாக நின்றபோது சொன்னான்.

"ஆண்டே, மோட்டார்ல ஒண்ணுமில்ல. நீங்க குந்திக்கினு கீற எடந்தான் கோளாறு. சீட்டு பழைய எடத்துக்கு வந்தா கல்லு மாதிரி நிக்கும்."

முத்துவேல் முட்டாள் இல்லை. "அப்ப மாத்திப் போட்டுடு" என்றார், அவ்வளவுதான்.

தானியேலுக்குக் கால் தரையில் பாவவில்லை. அடைத்த மக்கைச் சுரண்டி, பழைய துளையிலேயே சீட்டைத் தானே முடுக்கினான். நாலு முழம் ஒரே நாளில் ஒழிந்தது என்று நம்பினான், பாவம். மிராசுதாரின் முழங்கால் தன் முதுகில் இடிக்கப் போகிறது என்று பெண்டாட்டியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

தை ஐந்தாம் தேதி, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு கரைக்குப் போனான். ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி தாமோதரன் உட்கார்ந்திருந்தார்.

"நீ கரையிலயே நில்லுடா. இப்பதான் படகு குதிக்காதே, யார் ஓட்னா இன்னா?" என்றார் முத்துவேல்.

சம்பந்தியையும் ஏற்றிக்கொண்டு படகு புறப்பட்டது. மைத்துனர் முதுகில் மிராசுதார் முழங்கால் இடிக்க இடிக்க, முழு வேகத்தில், ஒரு துள்ளல் இல்லாமல் ஏரியைச் சுற்றி வந்தது. தாமோதரன் கையில்கூடக் குதிக்காத படகு! தானியேலுக்குப் பெருமையில் கண் நிறைந்தது, அவமானத்திலும் நிறைந்தது.

சம்பந்தி இறங்கும்போது, "பேஷ்! குதிக்கும்னு கேள்விப்பட்டேனே, யார் ரிப்பேர் பண்ணினது?" என்று கேட்டார்.

"பட்டணத்துலேர்ந்து ஆள் வந்தாங்க" என்றார் முத்துவேல். பத்தடி தள்ளித் தானியேல் நின்றுகொண்டிருந்தான்.

மிராசுதார் வாக்குத் தவறாதவர் என்று ஊரில் பெயர். மறுநாளே கணக்கப்பிள்ளை வந்து கடிதத்தைத் தானியேலிடம் கொடுத்தார். மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்த பாக்கியமேரி சத்தமாக வாசித்தாள்.

"இதனால் சகலருக்கும் தெரிவிப்பது. இதைக் கொண்டுவரும் தானியேல் என்பவன் நமது மோட்டார் படகை ஒரு மாத காலம் ஓட்டினான். அவன் நமக்கு ஓட்டிய நாள்வரைக்கும் படகு குதித்துக்கொண்டே இருந்தது. அவனை நிறுத்தி வேறு ஆளை வைத்த நாள்முதல் குதிக்கவில்லை."

கீழே முத்துவேலின் கையெழுத்து.

"இன்னொரு தபா படி" என்றான் தானியேல். படித்தாள்.

"இதுல எது பொய்யி, சொல்லு."

பாக்கியமேரி மூன்றாம் தடவை, ஒவ்வொரு வார்த்தையாக விரல் வைத்துத் தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை.