சிலிப்பர் போட்ட பேய்

நான் பிறப்பதற்கு முன்பு, லாபு பக்கத்தில் இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஒரு பேய்ப்படம் எடுத்தார்கள். என்ன காரணமோ, பல வருடங்கள் முடங்கிக் கிடந்து, நான் இரண்டாம் வகுப்பில் இருக்கும்போதுதான் அது விசிடியாக வந்தது. படக்குழுவுக்கு விளக்குத் தூக்கிய பெருமையில் என் மாமா ஒரு ஞாயிறு மதியம் எங்கள் வீட்டு ஜன்னல்களைக் கைலிகளால் மூடி, லயத்து சனம் முழுவதையும் கூட்டிவிட்டார்.

மோசமான படம். பட்டப்பகலில் எடுத்துவிட்டு நீலச் சாயம் ஏற்றி இரவு என்றார்கள். நடுநிசியில் சேவல் கூவியது. கதாநாயகன் வாயை மூடிய பிறகும் அவன் வசனம் ஓடிக்கொண்டே இருந்தது.

ஆனால் பேய் வந்தபோது இசை நின்றுவிட்டது. மூடுபனிக்குள் பால்மரங்கள் வரிசை வரிசையாக நின்றன. எங்கோ ரப்பர் விதை வெடிக்கும் சத்தம் மட்டும். முகமெல்லாம் முடி, வெள்ளைச் சேலை, ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி அது மெல்ல, மிக மெல்ல நடந்தது. தினமும் பார்க்கும் எங்கள் காடு அவ்வளவு பெரியது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. மூச்சுவிட மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னா லா இது, பேயி சிலிப்பர் போட்டிருக்கு!" என்றார் மாமா.

"வயித்தப் பிடிச்சிக்கிட்டே போவுது பாரு. பசி போல," என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

"ஒரு நாசி லெமாக் வாங்கிக் குடுங்க லா, பாவம்!"

அதற்குப் பிறகு வந்ததுதான் உச்சம். ஒரு மரத்தில் பால் பிடிக்கும் மங்கு சாய்ந்து கிடந்தது. கதாநாயகனைக் கொல்லப் போய்க்கொண்டிருந்த பேய் நின்று, அதை நிமிர்த்தி வைத்துவிட்டு மறுபடி நடந்தது. வீடே அதிர்ந்தது. "வேலைக்கு வந்த பேயி டா! மண்டோர் பாத்தா ஆள் கணக்குல பேரு போட்ருவாரு!" நான் சிரிக்கவில்லை. அம்மாவும் சிரிக்கவில்லை. அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றிருந்தார்.

இப்போது அந்தப் படத்தை யாரோ இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். இளைஞர்கள் பேய் நடக்கும் அந்த ஒரு காட்சிக்காகவே கொண்டாடுகிறார்கள். மகள் வயிற்றில் இருந்தபோது நானும் ஒரு நாள் பார்த்துவிட்டேன். பார்த்து முடித்ததும் பயம் பிடித்துக்கொண்டது. பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ? அன்னாசி, மாடிப்படி எல்லாவற்றுக்கும் போன் போட்டது போல இதற்கும் அம்மாவுக்குப் போன் போட்டேன்.

அம்மா சிரித்தார். "பாத்ததுக்கே பயப்படுறியா? நீ அதுல நடிச்ச பிள்ளடி."

அட்டைக்குப் பயந்து, பேயாக நடிக்க வந்த நடிகை காட்டுக்குள் இறங்க மறுத்துவிட்டாராம். அதே உயரம் என்று மாமா, காட்டில் பாலுக்காக மரம் வெட்டிக்கொண்டிருந்த அம்மாவை இழுத்துப்போய் நிறுத்தினாராம். நடித்தது யாரென்று வெளியே சொல்லக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டதால், படம் பார்த்த அன்று மாமா கேலி மட்டும் செய்தாராம். முதல் பிள்ளை தங்காமல் போனதால், நான் வயிற்றில் வந்திருப்பதை அம்மா இன்னும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். "வெறுங்கால்ல நடக்கச் சொன்னாங்க. முள்ளு குத்தி விழுந்துட்டா? அதான் சிலிப்பரக் கழட்டல."

மங்கு? அது அம்மாவுக்கே நினைவில்லை. கை பழக்கம்.

இது தெரிந்த பிறகு எனக்கு ஓயாமல் நினைவுக்கு வருவது, படம் பார்த்த மறுநாள் காலை. அம்மா அதே காட்டுக்குத்தான் வேலைக்குப் போக வேண்டும். நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"அது ஒண்ணும் பண்ணாதுடி. அதுவே பயந்து பயந்துதான் நடக்குது," என்றார்.

பேய்க்கு என்ன பயம்? அம்மா சமாதானத்துக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். பசித்த பேய் என்றுதானே எல்லாரும் சொன்னார்கள். அதனால் முதல் நாளே மிச்சம் பிடித்து வைத்திருந்த பாதி முறுக்கை அம்மாவின் கையில் திணித்தேன். "பேயிக்கி குடுத்துருங்கம்மா. உங்கள விட்டுரும்."

அம்மா முறுக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு என் கண் முன்னாலேயே அதை மொறுமொறுவென்று கடித்துத் தின்றுவிட்டு, பால் சுமக்கும் காண்டா வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

பேயின் பங்கைத் தின்றுவிட்டாரே, இனி அது அம்மாவைச் சும்மா விடாதே என்று, அவர் திரும்பி வரும்வரை வாசலை விட்டு நான் நகரவில்லை.