ஆமணக்குப் புழுவும் பீட்ரூட் புழுவும்

சகாயராணி பிடிவாதக்காரி என்பது ராயப்பன்பட்டியில் எல்லோருக்கும் தெரியும். கணவர் மிக்கேல் லாரியோடு கேரளாப் பக்கமே கிடப்பவர். எந்தப் பாத்திக்கு எப்போது தண்ணீர் கட்டுவது என்பதிலிருந்து யாரிடம் விலை பேசுவது என்பது வரை தோட்டத்தில் இவள் வைத்ததுதான் சட்டம்.

பீட்ரூட்டைச் சுற்றி ஆமணக்கு விதைத்ததும் அப்படித்தான். அந்துப்பூச்சி பீட்ரூட்டை விட்டுவிட்டு ஆமணக்கு இலைக்கு அடியில் முட்டை வைக்கும், அந்த இலையைக் கிள்ளிவிட்டால் புழுத் தொல்லை குறையும் என்று வேளாண்மை அலுவலகக் கூட்டத்தில் சொன்னார்கள். முதல் போகத்தில் காலைதோறும் வரப்பைச் சுற்றி வந்தாள். பழுப்பு ரோமம் மூடிய முட்டைக் குவியல் தெரிந்த இலைகளைக் கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் அமுக்கினாள். மருந்தடிக்க வேண்டிய தேவையே அதிகம் வரவில்லை.

அடுத்த போகத்தில் கட்டப்பனையில் இருக்கும் தங்கை அமுதாவுக்கு ஆபரேஷன். துணைக்குப் போனவளுக்கு, இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போய் ஒரு மாதம் போல அங்கேயே தங்கும்படி ஆகிவிட்டது.

திரும்பி வந்தபோது ஆமணக்குச் செடிகள் வெறும் காம்பும் நரம்புமாக நின்றன. இலை தீர்ந்துபோன புழுக்கள் அவள் பீட்ரூட்டிலும், காய்ந்து கிடந்த வாய்க்காலைத் தாண்டிப் பக்கத்துத் தோட்டக்காரன் விஜயபாண்டியின் பீட்ரூட்டிலும் இறங்கியிருந்தன.

விஜயபாண்டி அவளைவிட இளையவன். கோபத்திலும் மரியாதையை விடவில்லை.

"யக்கா, நீங்க வெள்ளாமையா வச்சீக? புழுவுக்குல்ல பந்தி வச்சிருக்கீக!"

"ஆமணக்கு இல்லாட்டி புழு வராதாக்கும்? நேரா உன் பீட்ரூட்டுலதேன் வந்து முட்டை வச்சிருக்கும்."

"வச்சிருக்கும். ஆனா இம்புட்டுத் தண்டியா வளந்திருக்காது. மருந்தடிச்சாலும் சாக மாட்டேங்குது, பாருங்க."

வீம்புக்குப் பேசுகிறான் என்றுதான் அவள் நினைத்தாள். புழு எதைத் தின்றால் என்ன, புழுதானே! அவன் வாயை அடைக்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது.

துளிர்த்த ஆமணக்கு ஒன்றில் புதிதாக ஒரு முட்டைக் குவியல் கிடைத்தது. பொரிந்த குஞ்சுப் புழுக்களை இரண்டு பெயின்ட் வாளிகளில் சரிபாதியாகப் பிரித்துவிட்டாள். அடியில் மண் பரப்பி, மேலே பழைய சேலைத் துணியைக் கட்டினாள். ஒரு வாளிக்கு ஆமணக்கு இலை, இன்னொன்றுக்குப் பீட்ரூட் இலை.

லாரியிலிருந்து இறங்கி வந்த மிக்கேல் கொல்லையில் வாளிகளைப் பார்த்து முகம் சுளித்தார்.

"ஏம்புள்ள, ஊரே இதைக் கொல்ல வழி தேடுது. நீ தீனி போட்டு வளக்குறியா?"

"பேசாம இருங்க. ஒரு வழக்கு தீரணும்."

வழக்கு அவளுக்குச் சாதகமாகத் தீரவில்லை. ஆமணக்கு தின்ற புழுக்கள் மளமளவென்று தோல் உரித்துக் கொழுத்து, மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகிவிட்டன. பீட்ரூட் வாளியில் இருந்தவை மெலிந்து நெளிந்துகொண்டிருந்தன. பாதிக்கு மேல் செத்தும் போயின. இரண்டையும் தீயில் கொட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு வாளிகளைத் தூக்கிக்கொண்டு விஜயபாண்டியின் மோட்டார் ரூமுக்குப் போனாள்.

அவன் குனிந்து குச்சியால் மண்ணைக் கிளறிப் பார்த்தான்.

"ரெண்டும் ஒரே முட்டையாக்கா?"

"ஒரே எலையில இருந்தது. நீ சொன்னதுதேன் சரி."

"அப்ப ஆமணக்க வெட்டிருவீகளா?"

"மாட்டேன். தீனி நல்லா இருக்குன்னுதேன் அந்து அங்கன தேடிப் போகுது. அது இல்லாட்டி எங்கிட்டுப் போகும்? எல கிள்ள ஆள் இல்லாமப் போட்டுட்டுப் போனதுதேன் என் தப்பு. உன் பக்கத்து வரிசைய மட்டும் புடுங்கிர்றேன்."

அன்றைக்கே அந்த வரிசையை அவள் வேரோடு பிடுங்கிப் போட்டாள். அந்தப் போகத்தில் விஜயபாண்டியின் பீட்ரூட் சரியாகத் திரளவில்லை. அவளுடையதும் அப்படி ஒன்றும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை.

மறுபோகத்தில் மீதி மூன்று பக்கமும் ஆமணக்கு எழும்பியது. ஒரு காலையில் அவள் தோட்டத்துக்குள் வந்தபோது, விஜயபாண்டி மேற்கு வரப்பில் நின்று இலைகளைத் திருப்பிப் பார்த்துக் கிள்ளிக்கொண்டிருந்தான். தன் பீட்ரூட்டுக்காகத்தான் கிள்ளுகிறான் என்று அவளுக்குத் தெரியும். சோப்புத் தண்ணீர் வாளியை அவன் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு, அவள் கிழக்கு வரப்புக்குப் போனாள்.