என் பெயரில் ஏறிய இன்னொருவர் கண்

சில வருடங்களுக்கு முன், திண்டிவனத்தில் ஒரு கண் மருத்துவமனைக்குப் போயிருந்தேன். கண்ணில் காற்றை ஊதி அழுத்தம் பார்க்கும் கருவியை அங்கே கம்ப்யூட்டரோடு இணைத்திருந்தார்கள். என் பெயரைக் கூப்பிட்டதும், எனக்கு அடுத்திருந்த, ஒலக்கூரிலிருந்து வந்திருந்த அம்மா, "பஸ்ஸு போய்டும்மா, நான் முன்னாடி பாத்துக்கினு ஓடிடுறேன்" என்றார். விட்டுக்கொடுத்தேன். அவருக்குப் பின் எனக்கு ஊதிய பெண், "நார்மல்தாங்க" என்றாள்.

டாக்டரைப் பார்த்துவிட்டு அந்த அம்மா சிரித்தபடி கிளம்பினார். அடுத்து நான் போனேன். டாக்டர் திரையைப் பார்த்து, "அழுத்தம் ரொம்ப அதிகம்மா. கவனிக்காம விட்டா பார்வையே போயிடும்" என்றார். எனக்கா? "நார்மல்னு சொன்னாங்களே சார், இன்னொரு தடவ ஊதச் சொல்லுங்க" என்று பிடிவாதமாக நின்றேன். மறுபடி ஊதிப் பார்த்தார்கள். நார்மல்தான்! நாங்கள் முறை மாற்றிக்கொண்டது கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. அவருடைய அளவு என் பெயரிலும், என்னுடையது அவர் பெயரிலும் ஏறியிருந்தது.

பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். படியில் கால் வைத்திருந்தவரை, "அடுத்த பஸ்ஸுல போலாம், வாங்கம்மா" என்று கையைப் பிடித்து அழைத்துவந்தேன். அன்றே அவருக்குச் சொட்டு மருந்து ஆரம்பித்தார்கள்.

முறையை இப்போதும் விட்டுக்கொடுக்கிறேன். ஆனால் திரையில் இருக்கும் பெயரை எனக்கு வாசித்துக் காட்டும்வரை எந்தக் கருவியிலும் முகவாயை வைப்பதில்லை.

— ஸ்டெல்லா, திண்டிவனம்